இடது மூலை

1

யாழ்ப்பாணத்திலிருந்து வரும் என் தம்பியின் கடிதங்களில் ஒரு கேள்வி தவறுவதில்லை. பெடியன் என்ன செய்கிறான்? நானும் பல வருடமாக ஒரே பதிலைத்தான் எழுதி வந்திருக்கிறேன். நன்றாக இருக்கிறான், படிக்கிறான், வளர்ந்துவிட்டான். போன கிழமை வந்த கடிதத்தில் தம்பி கொஞ்சம் கோபமாகவே எழுதியிருந்தான். தன் அண்ணனின் மகனைப் பற்றித் தனக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய உயரம் மட்டுந்தானாம். இரண்டு பக்கமாவது அவனைப் பற்றி எழுது என்று கேட்டிருந்தான். அதை எழுத உட்கார்ந்தேன். அது இரண்டு பக்கத்தில் நிற்கவில்லை.

என்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்தவன். எங்கள் கப்பல் பழுதாகி டென்மார்க்கின் வடக்கே ஓல்போர்க் துறைமுகத்தில் இரண்டு மாதம் கிடந்தது. அந்த இரண்டு மாதத்தில் லிஸ் என்ற பெண்ணைச் சந்தித்தேன். கப்பல் போனது, நான் நின்றுவிட்டேன். அது பதினெட்டு வருடத்துக்கு முந்திய கதை. அதே துறைமுகத்தில் கப்பல் கட்டும் தளத்தில் ஃபிட்டராக இன்றும் வேலை. எங்களுக்கு ஒரு மகன். பெயர் அருண். அவனுக்கு எட்டு வயதாக இருக்கும்போது நானும் லிஸ்ஸும் பிரிந்தோம். சண்டை ஒன்றும் இல்லை. கதைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

பிள்ளையின் பொறுப்பு தாய்க்கு என்று அரசாங்க அலுவலகம் கடிதம் அனுப்பியது. எனக்கு ஒன்றுவிட்ட சனி ஞாயிறுகள். அந்தக் கடிதத்தை அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். மகனைப் பார்க்கும் உரிமைக்கு அதில் ஒரு தனிச்சொல்லே இருந்தது.

அருண் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவன். ஊரில் உள்ளவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். ஒரு பெரிய மண்டபம். தரை முழுக்கப் பனிக்கட்டி. சுற்றிவர இடுப்பளவு பலகைச் சுவர். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், காலில் கத்தி பூட்டிய சப்பாத்து, கையில் வளைந்த தடி. பந்துக்குப் பதில் கறுப்பு ரப்பர் வட்டு. ஆளை ஆள் மோதித் தள்ளுவது இதில் குற்றமில்லை, அதுவும் ஆட்டந்தான். அருண் பின்னுக்கு நின்று காக்கிறவன். அவனுடைய வேலை கோல் போடுவதல்ல, விடாமல் பார்த்துக்கொள்வது. அணித் தாளில் அவன் பெயரை ஆரோன் என்று அடித்திருக்கிறார்கள். திருத்தச் சொல்லவா என்று ஒருமுறை கேட்டேன். தேவையில்லை, அப்படித்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள் என்றான்.

2

போன மாரியில், அவனுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, பயிற்சியாளர் பிரெபன் என்னிடம் ஓர் உதவி கேட்டார். பிரெபன் பகலில் லொறி ஓட்டுகிறவர். பின்னேரத்தில் பெடியன்களைப் பழக்குவார். சம்பளம் இல்லாத வேலை.

சுவீடனில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம். காலையில் பாடம், மத்தியானத்துக்குப் பிறகு முழுக்க ஹொக்கி. விடுதியும் அங்கேயே. டென்மார்க்கிலிருந்து ஒருவனோ இருவரோதான் எடுபடுவார்கள். அருணை அதற்கு அனுப்பிப் பார்க்கலாம் என்பது பிரெபனின் எண்ணம். விண்ணப்பத்தோடு ஒரு முழு ஆட்டத்தில் அவன் எப்படி ஆடினான் என்ற கணக்கும் போகவேண்டும். எத்தனை தரம் களத்தில் இறங்கினான், எத்தனை தரம் வட்டைப் பறிகொடுத்தான், எத்தனை தரம் சரியாகக் கொடுத்தான், பின்மூலைக்கு வட்டு போனபோது எத்தனை தரம் எதிராளிக்கு முந்திப் போய்ச் சேர்ந்தான்.

ஏன் என்னிடம் கேட்கிறீர்கள், எனக்கு இந்த விளையாட்டு அரைகுறையாகத்தானே விளங்கும் என்றேன். பிரெபன் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. மண்டபத்தில் இருக்கும் எல்லோரும் வட்டைப் பார்ப்பார்களாம். தானும் அப்படித்தானாம். வட்டு வேறிடத்தில் இருக்கும்போது பின்காவல்காரன் என்ன செய்கிறான் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. "நீ ஒருத்தன்தான் ஆட்டம் முழுக்க அவனை மட்டும் பாக்கிறாய்" என்றார். "நீ எண்ணித் தா. தீர்ப்பை நான் எழுதுறன்."

அருண் போய்விட்டால் எனக்கு அந்த ஒன்றுவிட்ட ஞாயிறும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. நானும் சொல்லவில்லை. கட்டங்கள் அச்சடித்த தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குச் சிவநேசனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பதினைந்து வருடமாக இந்தப் பட்டணத்தில் எனக்குத் தெரிந்து தமிழ் பேசும் ஒரே ஆள் நான்தான். திடீரென்று இரண்டு வருடமாக எங்கள் பெடியன்கள் வந்து இறங்கத் தொடங்கினார்கள். பொலிஸ் நிலையத்திலிருந்து எனக்கு டெலிபோன் வந்தது, மொழிபெயர்க்க வரமுடியுமா என்று. முதல் நாள் என் முன்னால் இருந்தவன் சிவநேசன். இருபத்துமூன்று வயது. அதிகாரி டேனிஷில் கேட்டது எனக்கு விளங்கியது. ஆனால் தமிழில் சொல்ல வாயைத் திறந்தால் சொல் வரவில்லை. "நீர் கேட்டு எழுதின அந்தக் கடுதாசி" என்று இழுத்தேன். அவன் மெதுவாக, "விண்ணப்பம் எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றான். அகதிக்கு உதவப் போனவனுக்கு அகதி தமிழ் சொல்லிக்கொடுத்தான். அன்றிலிருந்து பழக்கம். அகதிகளுக்கென்று எடுத்த பழைய ஹோட்டல் ஒன்றில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தான். ஞாயிறுகளில் என்னிடம் வருவான்.

மண்டபத்துக்குள் வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, வெளியில் இவ்வளவு குளிர் இருக்கும்போது காசு கொடுத்து உள்ளேயும் ஏன் குளிரை வைத்திருக்கிறார்கள் என்பது. மரப்படிகளில் இருந்தோம். நான் மடியில் கொப்பியை விரித்தேன். கட்டம் போட்ட தாளில் நேரடியாக எழுத எனக்குக் கை வராது. முதலில் கொப்பியில் தமிழில் குறித்துக்கொண்டு பிறகு மாற்றலாம் என்று நினைத்தேன். வேகமாக எழுத வேண்டுமென்றால் இப்பவும் எனக்குத் தமிழ்தான்.

எதிரணி ஹேர்னிங் பட்டணத்திலிருந்து வந்திருந்தது. வாட்டசாட்டமான பெடியன்கள். ஆட்டம் இருபது இருபது நிமிடமாக மூன்று பகுதி, நிமிடத்துக்கொரு தரம் ஆள் மாறி இறங்குவார்கள். முதல் பகுதியில் அருண் பத்துத் தரம் இறங்கினான். நான் அவனைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. கோல் விழுந்தபோது சனம் கத்தியது, யார் போட்டது என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது அருண் அப்போது எங்கே நின்றான் என்பதை. அவன் அழகாக நின்றான். எதிராளி வரும்போது பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு போவான், முகம் எதிராளியின் நெஞ்சைப் பார்த்தபடி. தடியை நீட்டி வழியை அடைப்பான். மோதல் இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை, வந்தவன் போக வழியில்லாமல் ஓரத்துக்குப் போய்விடுவான். இப்படி ஏழெட்டுத் தரம். பக்கத்தில் இருந்த சனம் ஒன்றைக்கூடக் கவனிக்கவில்லை. இதை எழுதக் கட்டம் இல்லையே என்று எனக்கு மனவருத்தமாக இருந்தது. கொப்பியின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

இரண்டாவது பகுதியில்தான் அதைக் கண்டேன்.

பின்காவல்காரனுக்குக் கஷ்டமான வேலை ஒன்று உண்டு. எதிர் அணி வட்டை நம் கோலுக்குப் பின்னாலுள்ள மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்திக்கொண்டு வரும். நம் ஆள் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த மூலைக்கு ஓடி வட்டை எடுக்கவேண்டும். முந்திப் போனால் வட்டு கிடைக்கும், பின்னால் வருகிறவன் பலகையோடு வைத்து இடிப்பான். பிந்திப் போனால் இடி இல்லை, வட்டும் இல்லை. வலது மூலைக்கு அருண் அம்பு மாதிரிப் போனான். இடது மூலைக்குப் போகும்போது கடைசி இரண்டு அடியில் ஏதோ ஒன்று நடந்தது. கால் நிற்கவில்லை, தள்ளுவதை நிறுத்தியது. முகம் இலேசாகத் தோளுக்குள் திரும்பியது. அவன் போய்ச் சேரும்போது மற்றவன் முந்தியிருப்பான். அப்போது அருண் தடியை நீட்டி ஒழுங்காகத் தடுப்பான். தூரத்திலிருந்து பார்த்தால் அது நிதானம்.

அந்தச் சீசன் தொடக்கத்தில் அவனுடைய இடது காறை எலும்பு பலகையில் மோதி உடைந்தது. ஆறு கிழமை கட்டுப் போட்டிருந்தான். எலும்பு பொருந்திவிட்டது என்று டொக்டர் சொன்னார்.

கொப்பியில் மூலை என்று ஒரு நிரல் இருந்தது. நடுவில் ஒரு கோடு போட்டு அதை இரண்டாக்கினேன். எங்கள் பக்கம் நான்குக்கு இரண்டு என்று வென்றது. எதிர் அணியின் இரண்டாவது கோல் இடது மூலையிலிருந்து வந்தது. எல்லோரும் கோல் காப்பாளனைத் திட்டினார்கள்.

சனம் கலைந்த பிறகு கூட்டிப் பார்த்தேன். வலது மூலை ஏழு தரம், முந்தியது ஆறு. இடது மூலை பன்னிரண்டு தரம், முந்தியது மூன்று.

"என்ன அண்ணை, பிழையோ?" என்று சிவநேசன் கேட்டான்.

பிழையில்லை, வென்றுவிட்டார்கள் என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடித் தந்தான்.

4

எனக்கு அது ஏன் தெரிந்தது என்று சொல்லவேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நான் கிரிக்கெட் அணியில் விக்கெட் காப்பாளன். பதினைந்து வயதில் ஒரு பந்து எழும்பி வந்து வாயில் பட்டது. இரண்டு பல் போனது. ஒரு மாதத்தில் திரும்பவும் போய் நின்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும், பந்து கைக்கு வரும் அந்தக் கடைசிக் கணத்தில், என் கண் தானாக மூடிக்கொள்ளும். எனக்கு மட்டுந்தான் தெரியும். பந்துகள் நழுவின. மாஸ்டர் கை சரியில்லை என்றார், கையுறையை மாற்றித் தந்தார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தேன். அடுத்த கிழமையும் காய்ச்சல். அதோடு என் கிரிக்கெட் முடிந்தது. கண்ணை மூடுகிறாய் என்று அன்றைக்கு யாராவது ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த வயதிலும் நினைப்பதுண்டு.

ஆகவே சொல்லவேண்டும் என்பது எனக்குத் தெளிவாக இருந்தது. பயத்தோடு பாதி மனமாக ஓடுகிறவனுக்குத்தான் காயம் படும். சுவீடனில் இதைவிடப் பெரிய ஆட்கள்.

ஆனால் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த இரண்டு நிரலையும் கூட்டி முடித்தபோது எனக்குள் முதலில் வந்தது கவலை இல்லை. சந்தோஷம். இதைப் பிரெபனிடம் கொடுத்தால் அவன் எடுபடமாட்டான், இங்கேயே இருப்பான் என்று ஒரு நினைப்பு வந்தது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை அந்த நினைப்பு என்னோடு வந்தது. இறங்கிய பிறகுதான் வெட்கம் வந்தது. அதற்குப் பிறகு, நான் கண்டது உண்மையா அல்லது காண விரும்பியதா என்றே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. கொப்பியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு மூன்று. எண் மாறவில்லை.

5

அடுத்த ஞாயிறு அருண் வந்தான். கோழி பொரித்து வைத்திருந்தேன், சோறும் கறியும் அவனுக்கு அவ்வளவு பிடிக்காது. சாப்பிட்டுக்கொண்டே மேசையில் கிடந்த கொப்பியை இழுத்துப் பார்த்தான். தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. சுட்டுவிரலால் ஒரு வரியைத் தடவி, இது என்ன என்று கேட்டான். உன்னைப் பற்றித்தான் என்றேன். வாசித்துக் காட்டச் சொன்னான்.

நாங்கள் கதைப்பது டேனிஷில். அதில் தகப்பனுக்கும் நண்பனுக்கும் ஒரே நீதான். அவன் வாயிலிருந்து வந்தது அந்த நீ. இங்கே எழுதும்போது என் கை நீங்கள் என்று எழுதுகிறது, அதை நான் தடுக்கவில்லை.

நல்லதிலிருந்து தொடங்கினேன். பின்பக்கமாக வழுக்கி வழியை அடைத்த ஏழு தடவையையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். அதையெல்லாம் ஒருவரும் பார்ப்பதில்லை என்று நினைத்திருந்தானாம். அவன் காது சிவந்தது. பல வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தை அன்றைக்குத்தான் நான் கண்டேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

மூலைக்கணக்கை வாசித்தேன். கொப்பியில் நான் எழுதியிருந்தது, இடது மூலையில் முகம் திருப்புகிறான் என்று. தமிழில் அது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அதை டேனிஷில் சொல்லப் போனபோது எனக்குச் சொல் கிடைக்கவில்லை. பதினெட்டு வருடம் இந்த மொழியில் வேலை செய்கிறேன், வரி கட்டுகிறேன், விவாகரத்துக்கூட இந்த மொழியில்தான். ஆனால் ஒருவனை நோகாமல் நீ பயப்படுகிறாய் என்று சொல்லும் சொல் என்னிடம் இல்லை. தெரிந்தது ஒன்றே ஒன்று, 'பாங்கெ'. நாயைக் கண்டு தாயின் பின்னால் ஒளிக்கும் குழந்தைக்குச் சொல்லும் சொல். அதைத்தான் சொன்னேன்.

அவன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தான்.

"பிரெபனுக்கு இதைக் குடுத்திட்டீங்களோ?"

"இல்லை."

"குடுக்கப்போறீங்களோ?"

"முதல் உனக்குச் சொல்லவேணும் எண்டு நினைச்சன்."

யன்னல் பக்கம் திரும்பினான். பிறகு கேட்டான்:

"நான் போறது உங்களுக்கு விருப்பமில்லை, அப்பிடித்தானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் கேட்ட விதம் அப்படிச் சொல்ல விடவில்லை.

"ஓம்" என்றேன். "விருப்பமில்லை. ஆனால் அந்தக் கணக்கு பொய்யில்லை. ரெண்டும் உண்மை."

அவன் எழுந்து ஜக்கெற்றைப் போட்டான். பின்னேரம் ஐந்து மணி பஸ்ஸில் போக வேண்டியவன் இரண்டு மணி பஸ்ஸில் போனான். தட்டில் பாதிக் கோழி கிடந்தது. அதை மூடி வைத்தேன், திங்கட்கிழமை வேலைக்குக் கட்டிக்கொண்டு போனேன்.

6

பிரெபனுக்குத் தாள் கொடுக்க வேண்டிய கடைசி நாள் புதன்கிழமை. மூலை என்ற கட்டத்தில் பத்தொன்பதுக்கு ஒன்பது என்று எழுதிக் கொடுத்தேன். கூட்டுத்தொகை சரி. இடது வலது என்று பிரித்துக் கேட்கவில்லை, நானும் பிரித்துக் காட்டவில்லை. அதை மறைத்தது என்று சொல்லலாம். சொல்கிற உரிமை அவனுடையது என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பிரெபன் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மோசமில்லை என்றார்.

அதன் பிறகு அருண் வரவில்லை. அடுத்த முறை காய்ச்சல் என்று லிஸ் டெலிபோனில் சொன்னாள். அதற்கடுத்த முறை பரீட்சை. காய்ச்சல் என்றதும் எனக்கு என் கிரிக்கெட் காய்ச்சல் ஞாபகம் வந்தது.

அந்த மாதம் நான் கதைத்தது மிகக் குறைவு. தளத்தில் இரைச்சலுக்குள் கையால்தான் கதை. சிவநேசனை நூறு மைலுக்கு அப்பால் வேறொரு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். வீட்டில் ரேடியோ. ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் பழக்க தோஷத்தில் கோழி வாங்கினேன்.

அப்போதுதான் தம்பியின் ஒரு கடிதம் வந்தது. ஊர்ப் புதினங்களுக்கு நடுவில் ஒரு வரி. "பெரியவன் இப்ப வீட்டில் இல்லை." அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. எழுத முடியாது, கடிதத்தை யார் உடைத்துப் பார்ப்பார்கள் என்று தெரியாது. பெரியவன் என்றால் தம்பியின் மூத்த மகன்; அவனுக்கும் அருணுக்கும் ஒரே வயது, நான்கு மாத வித்தியாசம். ஊரில் அந்த வயதுப் பெடியன்கள் இயக்கங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம், எங்கே போயிருப்பான் என்று எனக்கு விளங்கியது. அந்த வீட்டில் ஒருவரிடமும் ஒருவரும் விருப்பம் கேட்டிருக்க மாட்டார்கள். காலையில் சைக்கிள் இருந்திருக்காது, அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு என்ன பதில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை எழுதவில்லை. தம்பி, இதைப் படித்தால் மன்னித்துக்கொள்.

தை மாதக் கடைசியில் லிஸ் டெலிபோன் எடுத்தாள். அவனிடம் என்ன சொன்னாய் என்று கேட்டாள். அவள் குரலில் கோபமில்லை, குழப்பம். அருண் கிழமையில் மூன்று நாள் காலை ஆறு மணிக்கு எழும்பி மண்டபத்துக்குப் போகிறானாம். பிரெபன் லொறியை எடுக்கப் போகுமுன் அவனோடு நிற்கிறாராம். உடம்பெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கிறதாம். கேட்டால் சொல்கிறான் இல்லையாம்.

இடது மூலையைப் பற்றி அவனே பிரெபனிடம் சொல்லியிருக்கிறான் என்று விளங்கியது. நான் சொன்ன சொல்லோடு போய்ச் சொன்னானோ, வேறு சொல் கண்டுபிடித்தானோ, தெரியாது. லிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருந்தது, தான் போட்டுவிட்டதாகச் சொன்னாள். என்னுடையது தேவையா என்று கேட்டேன். பொறுப்பு யாரிடமோ அவருடையது மட்டும் போதுமாம். படிவத்தில் ஒரு கோடுதான் இருந்தது என்று இரண்டாந்தரமும் சொன்னாள், மன்னிப்புக் கேட்பது போல.

7

சுவீடன் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து பார்த்த ஆட்டத்துக்கு நான் கொப்பி கொண்டுபோகவில்லை. அவனுக்குத் தெரியாமல் மேல்படியில், தூணோடு இருந்தேன்.

முதல் பகுதியில் இடது மூலைக்கு ஒரு வட்டு போனது. அருண் திரும்பினான். கடைசி இரண்டு அடியில் அவன் கால் என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்தேன். தள்ளியது. அவன் முந்திப் போய் வட்டைத் தட்டிவிட்டான். அடுத்த கணம் பின்னால் வந்தவன் அவனைப் பலகையோடு வைத்து இடித்தான். அந்தச் சத்தம் மேல்படிவரை கேட்டது. அருண் விழுந்தான். நான் எழுந்து நின்றுவிட்டேன், எனக்குத் தெரியாமலே. அவன் முழங்காலில் எழும்பி, தடியைத் தேடி எடுத்து, திரும்ப ஓடினான். வட்டு ஏற்கெனவே மறுபக்கம் போய்விட்டது. சனம் அங்கே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

அன்றைக்கு எல்லாத்தரமும் அப்படியில்லை. மூன்றாவது பகுதியில் இரண்டு தரம் பழையபடி பிந்தினான். அணி தோற்றது. ஆட்டம் முடிந்ததும் நான் நிற்காமல் வந்துவிட்டேன்.

சித்திரையில் கடிதம் வந்தது, எடுபட்டுவிட்டான் என்று. லிஸ்தான் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறு கதவில் மணி அடித்தது. அருண் நின்றான். ஒன்றும் நடக்காதது போல உள்ளே வந்து, பசிக்கிறது என்றான். தட்டு எடுத்து வைத்தேன். அன்றைக்கு வீட்டில் சோறும் பருப்பும்தான் இருந்தது. சாப்பிட்டான்.

8

ஆவணியில் பிரெடெரிக்ஸ்ஹாவன் துறையிலிருந்து சுவீடனுக்குக் கப்பல். லிஸ் காரில் கூட்டிக்கொண்டு போனாள். நான் பின் சீற்றில், அவனுடைய பையோடும் தடிகளோடும் இருந்தேன். நாங்கள் மூன்று பேரும் ஒரு காரில் போய் ஒன்பது வருடம்.

என் அப்பா என்னைக் கொழும்பு ரெயிலில் ஏற்றிவிட்ட நாள் நினைவுக்கு வந்தது. நான் போவதில் அவருக்கு விருப்பமா என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவுமில்லை. அவர் மேடையில் நின்று ரெயில் பெட்டியின் இலக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

லிஸ் டிக்கெற் எடுக்கப் போன நேரத்தில் நானும் அருணும் மட்டும் நின்றோம். காற்று பலமாக அடித்தது. அவன் கடலைப் பார்த்தபடி சொன்னான்:

"இடது மூலை இப்பவும் எனக்கு 'பாங்கெ'தான். ஒவ்வொரு தரமும். ஆனாலும் போறன்."

நான் சொன்ன அதே சொல். அவன் வாயில் அது குழந்தைக்குச் சொல்லும் சொல்லாக இல்லை. தெரியும், மேல்படியில் நின்று பார்த்தேன் என்றேன். தானும் கண்டதாகச் சொன்னான். தூணுக்குப் பின்னால் இருந்து திடீரென்று எழும்பி நின்ற ஒரே ஆள் நான்தானாம். சிரித்தான். பிறகு லிஸ் வந்தாள். பையைத் தூக்கினான். இருவரையும் ஒரு தரம் அணைத்தான், முதலில் அவளை, பிறகு என்னை. இடது தோளில் கைவைத்தபோது எலும்பு பொருந்திய இடத்தில் ஒரு மேடு தட்டுப்பட்டது.

திரும்பி வரும்போது நான் முன் சீற்றில் இருந்தேன். லிஸ் என் வீட்டு வாசலில் நிறுத்தி, உள்ளே வந்து ஒரு கோப்பி குடிக்கலாமா என்று யோசித்தாள் போல. பிறகு நேரமாகிவிட்டது என்றாள்.

ஐப்பசியில் மண்டபம் திறந்தார்கள். அந்த ஞாயிறு மத்தியானம் வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பஸ் பிடித்துப் போனேன். களத்தில் புதுப் பெடியன்கள், பதின்மூன்று பதினான்கு வயதுக்காரர். ஒருவரையும் தெரியாது. வழக்கமான படியில் இருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் வந்து இருந்தாள். மடியில் கோப்பிப் போத்தல். அவளுக்கு இது முதல் ஆட்டம் போலிருந்தது, தலையைத் திருப்பித் திருப்பி வட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இதில் உன்னுடையவன் எவன் என்று கேட்டாள். என்னுடையவன் இங்கே இல்லை, சுவீடனில் இருக்கிறான் என்றேன். பிறகேன் வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. மூடியில் கொஞ்சம் கோப்பி ஊற்றி என்னிடம் நீட்டினாள். தன் மகன் பதினோராம் இலக்கமாம், பின்னுக்கு நிற்கிறவனாம், சேர்ந்து ஒரு மாதமாம். தனக்கு இந்த விளையாட்டில் ஒன்றும் விளங்குவதில்லை என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அவன் நல்லா விளையாடுறானா?"

கோப்பியை வாங்கிக்கொண்டேன். பதினோராம் இலக்கம் களத்தின் அந்தக் கோடியில், ஒருவரும் பார்க்காத இடத்தில், பின்பக்கமாக வழுக்கப் பழகிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் பொறு" என்றேன். "பாத்துச் சொல்லுறன்."